பின்னங்காலில் உட்கார்

பெயரைப் பிரகாஷ் மாஸ்டர் சொல்வதற்கு முன்பே தென்றல் எழுந்துவிட்டாள்.

அதில் அவள் தவறு எதுவும் இல்லை. மாஸ்டர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். "மலைக்குப் போகப்போற பிள்ளை..." என்று இழுத்தார். தரையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் தென்றலைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். எழுந்து நிற்பதைத் தவிர வேறு என்ன செய்வது?

"...ஓவியா," என்று முடித்தார் மாஸ்டர்.

சற்று நேரம் யாரும் கை தட்டவில்லை. பிறகு மாஸ்டரே தட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். தென்றல் சட்டென்று குனிந்து, தன் ஸ்கேட்டிங் ஷூவின் வாரை இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. குனிந்தபடியே அவளும் இரண்டு தட்டுத் தட்டினாள்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் உள்ள அந்தக் கல்யாண மண்டபத்தில், கல்யாணம் இல்லாத நாள்களில் மட்டும் ஸ்கேட்டிங் வகுப்பு நடக்கும். வண்டிகள் நிறுத்தும் சிமெண்டுத் தரைதான் மைதானம். வண்டிகள் ஏறி வரும் சாய்வான பாதைதான் மலை.

பனிமலைக்குப் போகும் கதை தை மாதத்தில் தொடங்கியது. ஒருநாள் மாஸ்டர் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். கண் கூசும் வெள்ளைப் பனி. அதில் காலில் நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு சிலர் சறுக்கி வந்தார்கள். ஷூவின் முன்பக்கம் மட்டும்தான் பலகையோடு சேர்ந்திருந்தது. குதிகால் விடுதலையாக மேலே எழும்பியது. திரும்பும்போதெல்லாம் ஒரு காலை முன்னே விட்டு, மறுகாலைப் பின்னே இழுத்து, மண்டி போடுவதுபோல் தாழ்ந்து எழுந்தார்கள்.

"சார், இவங்க ஏன் சாமி கும்பிட்டுக்கிட்டே போறாங்க?" என்று ஒரு பொடியன் கேட்டான்.

மாஸ்டர் சிரித்துவிட்டார். "சாமி கும்பிடலடா. இதுக்குப் பேரு டெலிமார்க். நார்வேனு ஒரு நாடு இருக்குல்ல, அங்க ஒரு பகுதியோட பேரு அது. முழு ஆண்டு லீவுல இமயமலையில இதைக் கத்துக் குடுக்க ஒரு முகாம் போடறாங்க. நம்ம வகுப்புல இருந்து ஒருத்தரை அனுப்பலாம். சக்கரத்துலயே இந்தத் திருப்பத்தை யாரு நல்லா போடறீங்களோ, அவங்கதான் போவீங்க."

இதை மாஸ்டர் சொன்னார். எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அன்றிலிருந்து தென்றலுக்குக் கனவிலும் அதே திருப்பம்தான். அவளுடைய ஸ்கேட்டிங் ஷூ அப்பா காயலான் கடையில் தேடி எடுத்தது. பெரிய அளவு என்பதால் நுனியில் துணி அடைத்திருந்தாள். இடது ஷூவின் கொக்கி போய்விட்டதால், அந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி வாராகக் கட்டியிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு விழுந்தாள், விழுந்தாள், விழுந்துகொண்டே இருந்தாள். மாசி முடிவதற்குள் திருப்பம் வந்துவிட்டது.

போட்டி நடந்த அன்று, சாய்வுப் பாதையின் மேலிருந்து கீழ்வரை வளைந்து வளைந்து இறங்கினாள். கை தரையில் படவில்லை. ஓவியா இரண்டாவது திருப்பத்திலேயே உருண்டாள். எல்லோரும் பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார்.

இருந்தும் மாஸ்டர் சொன்ன பெயர் ஓவியாவுடையது.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்தபின் தென்றல் மாஸ்டரிடம் போனாள்.

"சார், நான் என்ன தப்பு பண்ணேன்?"

மாஸ்டர் பயிற்சிக்குத் தரையில் வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா."

"அப்புறம் ஏன் சார்?"

"இந்த இடம் யாருதுனு உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். மண்டபம் ஓவியாவின் அப்பா சகாதேவனுடையது.

"அவரு ஆசைப்பட்டு கேக்கறாரு. நான் முடியாதுனு சொல்லி, அவரு நாளைக்கு இங்க வராதீங்கனு சொல்லிட்டா, இத்தனை பிள்ளைங்கள நான் எங்கம்மா கூட்டிட்டுப் போவேன்?" மாஸ்டரின் குரல் இறங்கியது. "அடுத்த வருஷம் நீதான். சரியா?"

தென்றல் கொஞ்சம் யோசித்தாள்.

"அடுத்த வருஷமும் இந்த இடம் அவங்களுதுதானே சார்?"

மாஸ்டர் நிமிர்ந்தார். கடைசிக் கூம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மாஸ்டர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவரை நன்றாகத் திட்டிவிட்டுத் தூங்கியிருக்கலாம். அப்படித் திட்டவும் முடியாததுதான் தென்றலுக்கு இன்னும் கசந்தது.

அப்பா செழியன் ஆட்டோவோடு வாசலில் காத்திருந்தார்.

"இன்னா பாப்பா, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

ஆட்டோ கிரிவலப் பாதைக்கு வந்தது. தென்றல் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினார்.

"திரும்பிப் போலாம். நான் ரெண்டுல ஒண்ணு கேட்டுடறேன்."

"கேட்டா என்னப்பா ஆகும்?"

அப்பா முன்கண்ணாடியைத் துடைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"ஒண்ணும் ஆவாது," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டில் இன்னொரு தொல்லை காத்திருந்தது. தம்பிக்கு அறிவுச்செல்வன் என்று பெயர். ஒன்றாம் வகுப்பு. அக்கா பனிமலைக்குப் போகிறாள் என்று தங்கள் ஊரான அடி அண்ணாமலையில் ஆடு மாடுகளைத் தவிர எல்லோரிடமும் அவன் சொல்லி வைத்திருந்தான். பாதையோரம் டீக்கடை வைத்திருக்கும் மணியம்மாள் அத்தை அதை நம்பி, தன் பெட்டியிலிருந்து ஒரு கம்பளிக் குல்லாவையே எடுத்துக் கொடுத்திருந்தார்.

தென்றல் அந்தக் குல்லாவைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"எப்ப கெளம்பற பாப்பா?"

"நான் போகல அத்தை. வேற பொண்ணு போறா."

மணியம்மாள் அத்தை டீ ஆற்றுவதை நிறுத்தினார். ஏன் என்று கேட்கவில்லை.

"குல்லா உங்கிட்டயே இருக்கட்டும். மார்கழிக்கு ஆவும்," என்றார்.

தென்றல் தலையாட்டிவிட்டு வந்தாள். அழுகை வருமோ என்று பார்த்தாள். வரவில்லை. வேப்பங்கொழுந்தை மென்று விழுங்காமல் வைத்திருப்பதுபோல் வாயெல்லாம் கசந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, யாரோ வாசலில் சைக்கிள் மணி அடித்தார்கள்.

ஓவியா நின்றிருந்தாள். வேங்கிக்காலிலிருந்து மலையைச் சுற்றி அத்தனை தூரம் மிதித்து வந்திருந்தாள். முகம் தக்காளிபோல் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சைக்கிள் கூடையில் புத்தம் புது நீல ஸ்கேட்டிங் ஷூ.

"எதுக்கு வந்த?" என்றாள் தென்றல். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அந்தத் திருப்பத்தை எனக்குச் சொல்லிக் குடு."

தப்பாகக் காதில் விழுந்ததோ என்று தென்றலுக்குத் தோன்றியது.

"நானா?"

"வேற யாருக்கும் சரியா வரல. மாஸ்டருக்கே நின்னு காட்டத்தான் தெரியுது." ஓவியா கைப்பிடியைத் திருகிக்கொண்டே பேசினாள். "அங்க போயி நான் விழுந்துக்கிட்டே இருந்தா எல்லாரும் சிரிப்பாங்க."

"நீ போகாம இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க."

ஓவியா தலை குனிந்தாள். "எனக்குப் போகணும்," என்றாள். மிகவும் மெல்லிய குரல். அதில் பொய் இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். ஆனால் தென்றலுக்கு வேறொரு எண்ணம் வந்தது. நல்ல எண்ணம் இல்லை.

"சரி, வா," என்றாள்.

ஊரைத் தாண்டி, ஏரிக்குப் போகும் வழியில், வயலை மட்டமாக்கி வீட்டு மனை போட்டிருந்தார்கள். தார்ச்சாலைகள் பளபளவென்று இருந்தன. தெருமுனைகளில் 'முல்லைத் தெரு', 'மருதம் தெரு' என்று பலகைகள் இருந்தன. வீடுதான் ஒன்றுகூட இல்லை. மருதம் தெருவில் நான்கு ஆடுகள் குடியிருந்தன. தென்றல் விழுந்து எழுந்து திருப்பம் கற்றது இங்கேதான்.

அன்றைக்கு நல்ல காற்று. ஓரத்துப் புங்கமரங்கள் பூத்துக் கொட்டி, சாலையின் இரு பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது. எதிரே மலை தெளிவாகத் தெரிந்தது. மனத்தில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு அது மிக அருமையான நாளாக இருந்திருக்கும்.

முதலில் லேசான இறக்கத்தில் தொடங்கினார்கள்.

"எந்தப் பக்கம் திரும்பணுமோ, அந்தப் பக்கத்துக் கால் பின்னால போகணும். முட்டியை மடக்கு. குதிகாலைத் தூக்கு," என்றாள் தென்றல்.

ஓவியா அப்படியே செய்தாள். விழுந்தாள்.

"மறுபடியும்."

விழுந்தாள்.

ஏன் விழுகிறாள் என்று தென்றலுக்குத் தெரியும். ஓவியா தன் கனம் முழுவதையும் முன்னங்காலில் போட்டாள். பின்னங்கால் சும்மா இழுபட்டு வந்தது. தென்றலும் ஒரு மாதம் அப்படித்தான் விழுந்தாள். பின்னங்காலின் நுனியில் பாதிக் கனத்தை அழுத்தி, அதன்மேல் உட்காருவதுபோல் தாழ்ந்தால்தான் திருப்பம் நிற்கும். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முட்டித் தோல் போய்த் தானாகக் கண்டுபிடித்தது.

அதை மட்டும் தென்றல் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். அதை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். ஓவியா ஒவ்வொரு முறை விழும்போதும், "நல்லா சொல்லித் தர்ற. நான்தான் மக்கு," என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள். அது வேறு தென்றலுக்கு எரிச்சலாக இருந்தது.

"பெரிய இறக்கத்துல போனா வேகம் வரும். அப்ப வருமோ என்னமோ," என்றாள் ஓவியா.

பெரிய இறக்கம் என்றால் முல்லைத் தெரு. மேட்டிலிருந்து நேராக ஏரிப்பக்கம் இறங்கும். பாதி வழிக்குமேல் சரிவு இன்னும் தாழ்வதால், அதன் அடிவாரம் மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது. அங்கே லாரிக்காரர்கள் கொட்டிய ஜல்லி சாலை முழுதும் சிதறிக் கிடந்தது. அதற்குச் சற்று முன்னால் இடப்பக்கம் மருதம் தெருவில் திரும்பிவிட வேண்டும். திரும்பத் தெரியாதவர்கள் ஜல்லியில் போய் விழ வேண்டியதுதான்.

மேட்டில் நின்று ஓவியா ஷூவின் கொக்கியைச் சரிபார்த்தாள்.

"கீழ என்ன இருக்கு?"

"கீழ இடப்பக்கம் ஒரு தெரு வரும். அதுல திரும்பணும்," என்றாள் தென்றல்.

"வேற ஒண்ணும் இல்லையே?"

"திரும்பத் தெரிஞ்சா ஒண்ணும் இல்ல."

ஓவியா தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். திரும்பிப் பார்க்கவில்லை. தென்றல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்ட முதுகு அது. சற்றே கூனிக்கொண்டு, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு, போகப் போகச் சின்னதாகிக்கொண்டே போனது.

தென்றல் அந்த முதுகைத்தான் பார்த்தாள்.

மறு நொடி அவளும் இறங்கினாள்.

நன்றாகக் குனிந்து, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டாள். காயலான் கடைச் சக்கரங்கள் கடகடவென்று கத்தின. வேகம் ஏறியது. ஓவியாவின் பக்கத்தில் வந்தபோது அடிவாரம் தெரிந்துவிட்டது. ஓவியாவும் ஜல்லியைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்தது.

"இடது காலைப் பின்னால விடு," என்று கத்தினாள் தென்றல்.

ஓவியா விட்டாள். உடம்பு ஆடியது.

"பின்னங்கால்ல உக்காரு. ஓவியா, பின்னங்கால்ல உக்காரு."

ஓவியா உட்கார்ந்தாள். பின்னங்காலின் நுனிச் சக்கரம் தாரை அழுத்திப் பிடித்தது. அவளுடைய உடம்பு தாழ்ந்து, சாய்ந்து, ஒரே சீராக வளைந்து இடப்பக்கத் தெருவுக்குள் போய்விட்டது. மருதம் தெருவின் ஆடுகள் எழுந்து ஓடின.

அவளையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்ததில் தென்றலுக்குத் திரும்ப நேரம் இல்லாமல் போனது. நேரே போய் ஜல்லியில் விழுந்தாள்.

சறுக்கி நின்றபோது வலது முட்டி கிழிந்திருந்தது. உள்ளங்கையில் கற்கள் பதிந்திருந்தன. டியூப் வார் அறுந்து, இடது ஷூ மட்டும் தனியாக ஏரிப்பக்கம் உருண்டு போயிருந்தது.

ஓவியா தத்தித் தத்தி ஓடிவந்தாள். தண்ணீர்ப் புட்டியைத் திறந்து முட்டியில் ஊற்றினாள். எரிந்தது. தென்றல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கு வந்துடுச்சு தென்றல். நீ சொன்னதும் வந்துடுச்சு. பின்னங்கால்ல உக்காரணும்னு..." ஓவியா பாதியில் நிறுத்தினாள். அவள் மக்கு இல்லை. "இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"சொல்லக் கூடாதுனுதான்."

"ஜல்லி இருக்கறது?"

"தெரியும்."

"நான் விழட்டும்னு நெனச்சியா?"

"ஆமா."

சொல்லிவிட்டுத் தென்றல் தன் முட்டியைப் பார்த்தாள். ஓவியா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாள். போனால் போகட்டும் என்றும் நினைத்தாள்.

ஓவியா போகவில்லை. அவளும் ஜல்லிமேல் உட்கார்ந்துகொண்டாள். "அப்புறம் ஏன் கத்தின?"

"தெரியல."

ஆடுகள் தள்ளி நின்று முறைத்தன.

"மாஸ்டர் பேரு சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்," என்றாள் ஓவியா திடீரென்று. "அப்பா மொத நாளே வீட்டுல சொல்லிட்டாரு. நீ எழுந்து நின்னப்ப, உக்காரு உக்காருனு மனசுக்குள்ள சொன்னேன். வாயைத் தொறந்து சொல்லல. சொன்னா போக முடியாதேனு பயம்."

தென்றலுக்கு மறுபடியும் கசந்தது. ஆனால் இந்த முறை கசப்பில் பாதி தன்மேலேயே இருந்தது.

"ரெண்டு பேரும் மோசம்," என்றாள்.

"நீ கம்மி. நான்தான் ஜாஸ்தி," என்றாள் ஓவியா.

தென்றல் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய், உருண்டு கிடந்த ஷூவை எடுத்து வந்தாள். ஓவியா தன் தலைமுடி ரப்பரையும் கைக்குட்டையையும் சேர்த்து முறுக்கி அதற்கு ஒரு வார் கட்டினாள். பிறகு இருவரும், கிடந்த ஒரு தகரத் துண்டால் ஜல்லியைச் சாலை ஓரத்துக்குத் தள்ளினார்கள். தள்ளி முடிக்க உச்சிவெயில் வந்துவிட்டது.

அதன்பிறகுதான் உண்மையான வகுப்பு நடந்தது. தென்றல் எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். கண் காலைப் பார்க்கக் கூடாது, போகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். எழும்போது அவசரப்படக் கூடாது என்றாள். நடுவில் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டு போனவரிடம் வாங்கி, மிளகாய்த்தூள் தொட்டுப் புங்க நிழலில் உட்கார்ந்து தின்றார்கள். வெயில் தாழ்ந்ததும் மறுபடி இறங்கினார்கள். ஓவியாவுக்கு இடப்பக்கம் நன்றாக வந்துவிட்டது. வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் தடுமாறியது.

"எனக்குப் போய் எதுக்கு இவ்ளோ சொல்லித் தர்ற?" என்று கேட்டாள் ஓவியா.

"அங்க போயி நீ விழுந்தா, திருவண்ணாமலைக்காரிக்கு ஓட்டத் தெரியலனு சொல்லுவாங்க. நானும் அதே ஊருதானே?"

சைக்கிளில் ஏறும்போது ஓவியா, "இன்னைக்கே அப்பாகிட்ட பேசறேன்," என்றாள்.

"பேசு," என்றாள் தென்றல். வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவள் பெரிய மனசுக்காரி இல்லை.

ஓவியா பேசினாள். பேசினாள் என்பது மறுநாள் வகுப்பில் அவள் கண்கள் வீங்கியிருந்ததிலிருந்தே தெரிந்தது. பெயர் கொடுத்தாகிவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று சகாதேவன் சொல்லிவிட்டாராம். அதற்குமேல் சின்னப் பிள்ளை பேசக் கூடாது என்றும் சொன்னாராம்.

தென்றல் "ம்" என்றாள். அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏரிகிட்ட ப்ளாட் போட்டிருக்காங்களே, அந்த ரோடெல்லாம் யாருதுப்பா?"

"ரோடா? அதை அப்பவே பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. பொது ரோடு. யாரு வேணாலும் போலாம். நானே அந்தப் பக்கம் சவாரி போறேனே."

"யாரும் வராதீங்கனு சொல்ல முடியாதா?"

"யாரு சொல்றது? ஆடுதான் சொல்லும்."

அடுத்த வாரம் முழுதும் மண்டபத்தில் வரிசையாகக் கல்யாணம். வகுப்பு இல்லை. தென்றல் மாஸ்டர் வீட்டுக்குப் போய், "சார், உங்களுக்கு ஒரு இடம் காட்டணும்," என்றாள்.

மாஸ்டர் தன் மோட்டார் சைக்கிளில் அவளுடன் வந்தார். முல்லைத் தெரு மேட்டில் வெகுநேரம் நின்றார். குனிந்து தாரைத் தடவிப் பார்த்தார். இறங்கிப் போய், ஓரமாகத் தள்ளியிருந்த ஜல்லியையும் பார்த்துவிட்டு வந்தார்.

"இதைத் தள்ளினது யாரு?"

"நானும் ஓவியாவும்."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார்.

"பொது ரோடு சார். அப்பாகிட்ட கேட்டுட்டேன். கல்யாணம் இருந்தாலும் ஓட்டலாம். யாருக்கும் பயப்பட வேணாம்," என்றாள் தென்றல்.

கடைசி வார்த்தை மாஸ்டருக்கு எங்கேயோ பட்டிருக்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மலையைப் பார்ப்பதுபோல் நின்றார்.

"இனிமே போட்டி இங்கதான் நடக்கும். யாரு ஜெயிக்கறாங்களோ அவங்கதான் போவாங்க," என்றார்.

"பார்க்கலாம் சார்," என்றாள் தென்றல். முன்பெல்லாம் மாஸ்டர் சொன்னால் உடனே நம்பிவிடுவாள். இப்போது பார்த்துவிட்டு நம்பலாம் என்று இருந்தது.

விடுமுறை தொடங்கியது. ஓவியா ரயில் ஏறிப் போனாள்.

சித்திரை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுமுன், பிள்ளைகள் எல்லோரும் முதல்முறையாக முல்லைத் தெருவில் கூடினார்கள். பாதிப் பேரை அப்பாவின் ஆட்டோ இரண்டு நடை போய்க் கொண்டுவந்து சேர்த்தது. அறிவுச்செல்வன் ஆடுகளை ஓரமாக ஓட்டும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டான். ஆடுகள்தான் அவனை ஓட்டிக்கொண்டிருந்தன.

அப்போது அப்பாவின் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. திரையில் ஓவியா. மூக்கு சிவந்திருந்தது. பனிக்குப் போடும் பெரிய கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள்.

"தென்றல், நேத்து ரெண்டு பக்கமும் போட்டேன். விழவே இல்ல. வலப்பக்கமும் வந்துடுச்சு."

"பின்னங்கால்ல உக்காந்தியா?"

"உக்காந்தேன். இங்க வந்தவங்க எல்லாரும் அதுலதான் விழறாங்க."

தென்றல் ஓவியாவைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பனி எப்படி இருக்கு?"

ஓவியா தயங்கினாள். "பரவால்ல. சில்லுனு இருக்கும், அவ்ளோதான். பெருசா ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லாத."

ஓவியா கையுறையால் மூக்கைத் துடைத்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு தென்றல்," என்றாள் ஓவியா.

தென்றல் போனை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள். "இன்னும் சொல்லு."

"காலையில கல்லு மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏற அஸ்கா சக்கரை மாதிரி பொலபொலனு ஆயிடும். அப்ப திரும்பினா சர்ருனு ஒரு சத்தம் வரும். குதிகாலைத் தூக்கினா பறக்கற மாதிரி..." ஓவியா நிறுத்தினாள். "போதுமா?"

"காட்டு."

ஓவியா போனை மெல்லத் திருப்பினாள். மலை. அதற்குப் பின்னால் இன்னொரு மலை. எங்கும் வெள்ளை. கொஞ்ச நேரத்தில் படம் அசையாமல் நின்றது. பிறகு அழைப்பே அறுந்துவிட்டது.

தென்றல் போனை அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். கீழே உட்கார்ந்து அவளுடைய இடது ஷூவின் புது வாரை இழுத்துக் கட்டினார்.

மேட்டில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். "யாரு முதல்ல?" என்று மாஸ்டர் கேட்டார். யார் பெயரையும் சொல்லவில்லை. தார்ச்சாலை கீழே இறங்கி, கண்ணுக்குத் தெரியாத இடம்வரை நீண்டு கிடந்தது.

அன்றைக்கு முல்லைத் தெருவில் முதலில் இறங்கியவள் தென்றல்தான். அதற்காக அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.